இருபத்தைந்து மணி வண்டி

ஐபிஎல் இரவு ஆட்டம் 7.30 மணிக்குத் தொடங்குகிறது. இரண்டு இன்னிங்ஸ், இடைவேளை, ரிவ்யூ, ஓவருக்கு ஓவர் ஏறும் தாமதம் எல்லாம் சேர்ந்து, கடைசிப் பந்து விழும்போது இரவு பதினொன்றரையை நெருங்கிவிடும். அப்போது சேப்பாக்கத்தில் சுமார் 38,000 பேர் ஒரே சமயத்தில் எழுந்து வாசலை நோக்கி நடக்கிறார்கள். மயிலாப்பூர்க்காரருக்கும் வடபழனிக்காரருக்கும் இனி ஒரு மணி நேரப் பாடுதான். ஆந்திர எல்லையோரப் பள்ளிப்பட்டிலிருந்து வந்தவரின் கணக்கு வேறு. அவர் முதலில் சென்ட்ரலுக்குப் போக வேண்டும். அங்கிருந்து அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் ரயில். பள்ளிப்பட்டில் ரயில் நிலையம் கிடையாது என்பதால், திருத்தணியிலிருந்து இன்னும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் பேருந்து. முதல் கட்டம் எளிது. இரண்டாவது நள்ளிரவை ஒட்டி அரிதாகிவிடும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் விடியற்காலை வரை காத்திருக்க வேண்டும். விளையாட்டு ரசிகர்களுக்காகப் பயண வலைத்தளம் கட்ட நினைப்பவர்கள் இந்த மூன்றாவது கட்டத்திலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஸ்டேடியத்துக்குப் போகும் வழியை யாரும் காட்டிவிடலாம். திரும்பும் வழியைச் சொல்வதில்தான் தளத்தின் தரம் தெரியும்.

டொமைன் வாங்குவது, பக்கம் வடிவமைப்பது, படம் ஏற்றுவது எல்லாம் இன்று பள்ளி மாணவர்களே செய்கிற வேலை, அதை விட்டுவிடலாம். ஸ்டேடியப் பயணத் தளங்களில் வழக்கமாக என்ன இருக்கும் என்று பார்ப்போம். மைதானத்தின் வானத்துப் படம், வரலாறு, பக்கத்து விடுதிகள், விமானக் கட்டணம். சேப்பாக்கத்தின் வரலாறு சொல்லத் தகுந்ததுதான். 1916-இல் அமைந்த மைதானம். 1934-இல் முதல் ரஞ்சி ஆட்டம் நடந்த இடம். 1952-இல் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும், 1986-இல் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் ‘டை’ ஆனதும் இங்கேதான். 1999-இல் பன்னிரண்டு ரன்னில் வென்ற பாகிஸ்தான் அணிக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதும் இதே மைதானத்தில். ஆனால் இதை அறிய வலைத்தளம் தேவையில்லை, ரசிகர்களே ஒப்பிப்பார்கள். விடுதிப் பட்டியல் முன்வரிசைக்கு வருவதற்குக் காரணம் வருமானம். அறை பதிவானால் தளத்துக்குக் கமிஷன் கிடைக்கும். கடைசி ரயிலின் நேரத்தைச் சொல்வதற்கு யாரும் காசு தருவதில்லை. ஆகவே அறை எடுத்துத் தங்க வசதியுள்ள ரசிகருக்குப் பத்துப் பக்கம் கிடைக்கிறது, அன்றிரவே ஊர் திரும்ப வேண்டிய தறித் தொழிலாளிக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

பயணத் தொழிலின் தொடக்கம் இப்படி இல்லை. 1841 ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்தில் தாமஸ் குக் சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துப் போனார். மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்கான பயணம் அது. ஒரு ஷில்லிங் கட்டணத்தில் போவதும் வருவதும் அடக்கம். அன்றே வீடு திரும்பலாம் என்ற உறுதி இருந்ததால்தான் சாதாரண மக்கள் கிளம்பினார்கள். நம் ஊரிலும் உதாரணம் உண்டு. 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்ஸின் சொந்த மண் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்ற சிறப்பு ரயில் சுமார் ஆயிரம் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்ட்ரலிலிருந்து கிளம்பியது. பயணம், டிக்கெட், சாப்பாடு, தங்குமிடம், திரும்பும் வண்டி எல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகியிருந்தன. திரும்புவது நிச்சயமானால் ரசிகர் எவ்வளவு தூரமும் வருவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒரு ரயிலால் ஆயிரம் பேருக்குச் செய்ததை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொரு ஊருக்கும் தகவலால் செய்ய முயல்வதே நல்ல வலைத்தளம்.

அதற்கு முதலில் வேண்டியது துல்லியமான இடம். பொதுவாக வரைபடச் சேவைகள் ஸ்டேடியத்தை ஒரே புள்ளியாகக் குறிக்கின்றன. அது பெரும்பாலும் ஆடுகளத்தின் நடுவே விழும். ரசிகர் போக வேண்டியது டிக்கெட்டில் அச்சிட்ட கேட்டுக்கு. வாலாஜா சாலைப் பக்கமா, பெல்ஸ் சாலைப் பக்கமா, விக்டோரியா விடுதிச் சாலைப் பக்கமா என்பதைப் பொறுத்து நடை நீளும், குறையும். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நடை. பக்கிங்ஹாம் கால்வாயோரம் போகும் பறக்கும் ரயிலின் சேப்பாக்கம் நிலையமோ மைதானத்தின் முதுகில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு கேட்டையும் தனிப் புள்ளியாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் குறிக்கலாம். 2004-இல் தொடங்கிய அந்தப் பொது வரைபடம் இப்படிப்பட்ட சில்லறை உழைப்பால் வளர்ந்ததுதான். ஆனால் ஒருமுறை குறித்தால் போதாது. சேப்பாக்கத்தின் மூன்று ஸ்டாண்டுகள் பல ஆண்டுகள் சீல் வைக்கப்பட்டுக் கிடந்தன. 2023 மார்ச்சில் புதிய ஸ்டாண்டு திறந்தது. பறக்கும் ரயிலும் 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து 2024 அக்டோபர் இறுதி வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே ஓடவில்லை. அந்த நாள்களில் பழைய தகவலை நம்பிச் சேப்பாக்கம் நிலையத்தில் ஏறியவர் சென்ட்ரல் பக்கம் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும் அது எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று எழுதியிருப்பது அவசியம்.

அடுத்தது கால அட்டவணை. பேருந்து, ரயில் நேரங்களைக் கணினிக்குப் புரியும்படி எழுத உலகம் முழுக்க ஒரு முறை வழக்கில் இருக்கிறது. அதன் பெயர் ஜிடிஎஃப்எஸ். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து உருவாக்கியது. பார்த்தால் ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிமையானது. காற்புள்ளியிட்டுப் பிரித்த சில எழுத்துக் கோப்புகள், அவ்வளவுதான். ஒன்றில் நிறுத்தங்கள், ஒன்றில் தடங்கள், ஒன்றில் ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொடும் என்ற விவரம், ஒன்றில் எந்தெந்தக் கிழமை எந்த நடை ஓடும் என்ற நாள்காட்டி. இன்ன தேதியில் மட்டும் ஒரு வண்டி கூடுதலாக ஓடும், அல்லது ஓடாது என்று சொல்லத் தனிக் கோப்பு ஒன்றும் உண்டு. மேட்ச் நாளுக்கென விடும் சிறப்பு வண்டிகள் இடம்பெற வேண்டியது அதில்தான். பள்ளிப்பட்டு, திருத்தணி பேருந்து நிலையங்களின் நேரப் பலகையை இந்த வடிவில் எழுத ஒரு மடிக்கணினியும் சில நாள் பொறுமையும் போதும்.

இந்த முறையில் எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது, அதன் கடிகாரம் 24 மணியோடு நிற்பதில்லை என்பது. சனிக்கிழமை இரவு 11.40-க்குக் கிளம்பும் ஒரு பேருந்து நள்ளிரவு தாண்டி 12.35-க்கு ஓர் ஊரைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவர்க் கடிகாரத்தில் அது ஞாயிறு 00:35. ஜிடிஎஃப்எஸ் கோப்பில் அது சனிக்கிழமை 24:35. இரவு ஒன்று பத்துக்கு ஓடும் வண்டி 25:10. இல்லாத மணியை ஏன் எழுத வேண்டும்? 23:40-க்குக் கிளம்பி 00:35-க்குச் சேர்ந்தது என்று மட்டும் எழுதினால், கிளம்புவதற்கு 23 மணி 5 நிமிடம் முன்னதாகவே வண்டி வந்து சேர்ந்துவிட்டது என்று கணினி கழித்துச் சொல்லும். இன்னொரு காரணமும் உண்டு. பணிமனையின் கணக்கில் அந்த நடை சனிக்கிழமை டியூட்டியைச் சேர்ந்தது. ஓட்டுநரும் நடத்துநரும் சனிக்கிழமை ஏறியவர்கள். நள்ளிரவு தாண்டியதால் அவர்கள் வேலை ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிடாது. இதற்காகவே ‘சேவை நாள்’ என்ற ஒன்றை இந்த முறை வைத்திருக்கிறது. அந்த நாளின் தொடக்கத்தைக்கூட நள்ளிரவிலிருந்து எண்ணாமல், நண்பகலிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பின்னோக்கிப் போய் நிர்ணயிக்கிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி தள்ளி வைக்கும் நாடுகளில் கணக்குப் பிசகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டாருக்கு இதில் அதிசயம் எதுவும் இராது. நம் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயத்தில் முடிகிறது, அறுபது நாழிகை. சனிக்கிழமை இரவு ஒரு மணி என்பது பஞ்சாங்கத்துக்கு இன்னமும் சனிக்கிழமைதான். ரசிகரின் மனமும் அப்படித்தான் எண்ணுகிறது: சனிக்கிழமை மேட்ச், சனிக்கிழமை ராத்திரி வண்டி. ரயில் முன்பதிவோ நள்ளிரவில் தேதியை மாற்றிவிடுகிறது. இரவு 12.10-க்குக் கிளம்பும் ரயிலுக்குச் சனிக்கிழமை என்று பதிந்துவிட்டு, மேட்ச் முடிந்து நிலையத்துக்கு வந்தால், அந்த வண்டி ஒரு நாள் முன்பே போயிருக்கும். ஆகவே தளம் உள்ளே 24:10 என்று வைத்துக்கொண்டு, திரையில் ‘சனிக்கிழமை இரவு 12.10 (முன்பதிவுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தேதி)’ என்று இரண்டு கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இந்த ஒற்றை வரி எத்தனையோ பேரின் டிக்கெட் காசைக் காப்பாற்றும். அழகான வண்ணமும் நகரும் படமும் செய்ய முடியாத உதவி இது.

வண்டியின் நேரமாவது அட்டவணையில் இருக்கிறது. ஆட்டம் முடியும் நேரம் எதிலும் இல்லை. 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம் இதற்குப் பெரிய பாடம். மே 28 ஞாயிற்றுக்கிழமை அகமதாபாத்தில் நடக்க வேண்டியது மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மறுநாளும் மழை குறுக்கிட்டு, சென்னை அணி கடைசிப் பந்தில் வென்றபோது மே 30 பிறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடைப்பட்ட இரவில் மஞ்சள் சட்டை அணிந்த ரசிகர்கள் அகமதாபாத் ரயில் நிலையத் தரையில் படுத்துறங்கிய படங்கள் நாடெங்கும் பரவின. 1,32,000 பேர் அமரக்கூடிய மைதானத்தைக் கட்டியவர்கள், ஆட்டம் ஒத்திப்போனால் வெளியூர்க்காரர் எங்கே இரவைக் கழிப்பார் என்று திட்டமிடவில்லை. மழையும் சூப்பர் ஓவரும் எந்த ஆட்டத்திலும் வரலாம். ஆகவே ‘ஆட்டம் 11.30-க்கு முடியும்’ என்ற ஒற்றைக் கணக்கில் பயணத்தைக் கட்டும் தளம், முடிவு இழுபறியாகும் நாளில் ரசிகரைத் தெருவில் விட்டுவிடும்.

இதற்கு விடை, தேடலைத் தலைகீழாக நடத்துவது. பாதை தேடும் நிரல்கள் பெரும்பாலும் புறப்படும் இடத்திலிருந்து முன்னோக்கிப் போகும். 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘ராப்டர்’ என்ற முறை சுற்றுச் சுற்றாகப் போகிறது. ஒரே வண்டியில் எட்டக்கூடிய நிறுத்தங்கள் முதல் சுற்று, ஒருமுறை மாறினால் எட்டக்கூடியவை இரண்டாம் சுற்று, இப்படியே மேலும். இதையே ஊரிலிருந்து பின்னோக்கி ஓட்டலாம். பள்ளிப்பட்டுக்குள் வரும் கடைசிப் பேருந்து திருத்தணியில் எத்தனை மணிக்குக் கிளம்பும்? அதைப் பிடிக்கத் திருத்தணிக்கு எந்த ரயிலில் வர வேண்டும்? அந்த ரயிலைப் பிடிக்கச் சேப்பாக்கம் கேட்டை எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டும்? கிடைக்கும் விடை ஒரே ஒரு நேரம். ஆட்டம் எப்போது முடிந்தாலும் அந்த நேரம் மாறாது. மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் அது இருந்தால் முடிவை அவரே எடுத்துக்கொள்வார். டிக்கெட் வாங்கும் முன்பே அது தெரிந்தால் இன்னும் நல்லது. இரவு ஆட்டத்துக்கு அந்த நேரம் முதல் இன்னிங்ஸுக்குள்ளேயே வந்துவிடும் என்றால், அன்று பள்ளிப்பட்டுக்காரர் விடியும்வரை தங்க ஏற்பாட்டோடு வர வேண்டும். 3.30-க்குத் தொடங்கி 7.30 வாக்கில் முடியும் ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டமோ அவருக்குக் கைகூடக் கூடியது. மைதானம் அதுவே, அணியும் அதுவே. எந்த ஆட்டம் தன் ஊருக்கான ஆட்டம் என்று சொல்லத் தெரிந்த தளமே அவருக்குப் பயன்படும்.

பள்ளிப்பட்டு போன்ற எல்லை ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தொலைவை மட்டும் பார்த்தால் ஆந்திராவில் நகரியை ஒட்டியிருக்கும் ஏகாம்பரகுப்பம் ரயில் நிலையம், திருத்தணியைவிட நெருக்கம். 1960 ஏப்ரல் 1 வரை இந்தப் பகுதியே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது, ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணியோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. மாநிலம் மாறினாலும் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் போகிற சாலை மாறவில்லை. தமிழும் தெலுங்கும் இங்கே வீட்டு மொழிகள்தான். ஆனால் தமிழ்நாட்டுப் பேருந்துத் தகவலை மட்டும் சேர்த்துக் கட்டிய தளத்துக்கு எல்லைக்கு அப்பால் உலகமே கிடையாது. நகரி வழியாகப் போகும் குறுக்கு வழி அதன் கண்ணில் படாது. ஜிடிஎஃப்எஸ் முறையில் இரு மாநிலப் போக்குவரத்து நிறுவனங்களின் கோப்புகளையும் ஒரே தேடலில் இணைக்கலாம். தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல, யோசனைக் குறைவு. தளம் தமிழிலும் தெலுங்கிலும் பேச வேண்டும் என்பதையும் இங்கே வலியுறுத்த வேண்டும்.

கட்டுமானத்தில் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. முப்பத்தெட்டாயிரம் பேர் ஒரே இடத்தில் கைப்பேசியைத் தட்டும்போது இணையம் திணறும். மிக அவசியமான நேரத்தில் பக்கம் திறக்காமல் போனால் உள்ளே இருக்கும் தகவலால் பயனில்லை. வீட்டில் இருக்கும்போதே திரும்பும் திட்டம் முழுவதும் கைப்பேசிக்குள் இறங்கிவிட வேண்டும். இணையமில்லாமலே அது திறக்க வேண்டும். இன்றைய முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இதற்கு வழியிருக்கிறது. நான்கைந்து வண்டி நேரங்களும் ஒரு கேட் எண்ணும் சில கிலோபைட்டுகளுக்கு மேல் போகாது. முகப்பை நிறைக்கும் ஒரு ஸ்டேடியப் படம் அதைப்போல ஆயிரம் மடங்கு எடை. விலை குறைந்த கைப்பேசிக்கும் குறைந்த டேட்டாவுக்கும் ஏற்றபடி கட்டுவதைத் தொழில் நேர்த்தியின் முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு. கூகுள் வரைபடம் இருக்க இது எதற்கு என்பது முதலாவது. கூகுளுக்கு வண்டி நேரம் தெரிந்த இடங்களில் அது நன்றாகவே வழி சொல்கிறது. ஆனால் போக்குவரத்து நிறுவனம் கொடுத்த தகவல்தான் அதன் முதல், கொடுக்காத ஊரில் அதுவும் கைவிரிக்கும். மேலும் ஆட்டம் எப்போது முடியும், எந்த கேட், டிக்கெட்டோடு மெட்ரோ இலவசமா என்பதெல்லாம் பொது வரைபடத்தின் வேலை அல்ல. 2025-இல் வந்த ‘சென்னை ஒன்’ செயலி மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்தது நல்ல முன்னேற்றம். அது நகரத்துக்கான ஏற்பாடு. இரண்டாவது மறுப்பு, வீட்டிலேயே தொலைக்காட்சியில் பார்க்கலாமே என்பது. அப்படிச் சொல்கிறவர்கள் நகரத்து ரசிகரிடம் அதைச் சொல்வதில்லை. மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆசை பின்கோடு பார்த்து வருவதில்லை.

மூன்றாவது மறுப்பு வலுவானது: நம் பேருந்துகள் நேரத்துக்கு வருவதில்லை, அட்டவணையை நம்பிக் கட்டிய தளம் பொய்தானே சொல்லும்? தாமதம் உண்மை. ஆனால் கடைசிப் பேருந்து எது என்பது அநேகமாக மாறாத தகவல். ஊருக்கு வெளியே இருப்பவருக்குத்தான் அது தெரிவதில்லை. மாறும் இடங்களில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை மணி கூடுதல் இடைவெளி விட்டுத் திட்டமிட்டால் பெரும்பாலான தாமதத்தைத் தாங்கிக்கொள்ளலாம். நான்காவது, பள்ளிப்பட்டிலிருந்து எத்தனை பேர் வரப்போகிறார்கள், இதில் லாபம் எங்கே என்பது. ஒரே ஊரை எண்ணினால் சிலர்தான். சோளிங்கர், பொதட்டூர்பேட்டை, செய்யாறு என்று நூறு கிலோமீட்டர் வட்டத்தில் இருக்கும் பல ஊர்களுக்கும் இதே கடைசிக் கட்டச் சிக்கல்தான். ஒருமுறை எழுதிய நிரல் எல்லா ஊருக்கும் ஓடும். ஊருக்கு ஊர் மாறுவது நேரக் கோப்பு மட்டுமே.

கூட்டத்தைத் திருப்பி அனுப்பும் அறிவு நமக்குப் புதிதல்ல. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு லட்சக்கணக்கில் காவடி வருகிறது. அன்று சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. அரக்கோணத்துக்கும் திருத்தணிக்கும் இடையே சிறப்பு ரயில் விடுகிறார்கள். பக்தர் வீடு திரும்ப வேண்டும் என்பதை அரசும் ரயில்வேயும் தம் பொறுப்பாக ஏற்றிருக்கின்றன. ரசிகர் விஷயத்தில் அந்தப் பொறுப்பு பாதியில் நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் சேப்பாக்க ஐபிஎல் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் கட்டணமில்லை என்ற ஏற்பாடு வந்தது பாராட்டத்தக்கது. 2024 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் ஜெர்மனி இதையே இன்னும் விரித்து, ஆட்ட டிக்கெட்டோடு 36 மணி நேரப் பொதுப் போக்குவரத்துச் சீட்டை இணைத்தது. நம்முடைய மெட்ரோ சலுகை மெட்ரோ ஓடும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. மாவட்டத்து ரசிகரும் அதே விலை கொடுத்துத்தான் டிக்கெட் வாங்குகிறார் என்பதை மறந்துவிட்ட ஏற்பாடு அது.

செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. 2018-இல் கொச்சி மெட்ரோவும், அதே ஆண்டில் டெல்லிப் போக்குவரத்துத் துறையும் தங்கள் வண்டி நேரங்களைப் பொதுவில் திறந்தன. தமிழ்நாட்டின் மாவட்டப் பேருந்து நேரங்களும் அப்படித் திறக்கப்பட வேண்டும். அவை மக்கள் வரியில் ஓடும் வண்டிகளின் நேரங்கள், பூட்டி வைக்க அவற்றில் ரகசியம் எதுவுமில்லை. கிரிக்கெட் சங்கமும் அணிகளும் டிக்கெட்டோடு கேட் வரைபடத்தையும் கடைசி வண்டி நேரத்தையும் சேர்த்துத் தர வேண்டும். தளம் கட்டும் இளைஞர்கள் விடுதி விளம்பரத்தை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் முகப்பில் முதல் கேள்வியாக ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்கட்டும். அரசு திறக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பள்ளிப்பட்டுப் பேருந்து நிலையத்தின் நேரப் பலகையைப் பார்த்து ஒரு கோப்பில் ஏற்ற அந்த ஊர்க் கல்லூரி மாணவர் இருவர் போதும். ஒவ்வொரு ஊரிலும் இருவர் முன்வந்தால், அடுத்த ஐபிஎல் தொடங்குவதற்குள் சென்னையைச் சுற்றியுள்ள எல்லாச் சிற்றூர்களுக்கும் திரும்பும் வழி எழுதப்பட்டிருக்கும்.